மருந்துக் குப்பியில் என்ன இருக்கிறது? அதன் விலையில் என்ன இருக்கிறது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



ரமளான் நெருங்கும்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகள் பள்ளிவாசல் இமாம்களிடம் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். இன்சுலின் ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்பது ஒன்று. தோலுக்கு அடியில் போடும் அந்த ஊசி உணவும் அல்ல, உணவு போகும் வழியில் போவதும் அல்ல. ஆகவே முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. (நோன்பு வைக்கும் உடல்நிலை உங்களுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.) இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஹழ்ரத், இன்சுலினைப் பன்றியிலிருந்து எடுக்கிறார்களாமே, அதைப் போட்டுக்கொண்டு தொழலாமா?"

இப்படிக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தன் உடம்புக்குள் போகும் ஒரு சொட்டுக்கும் ரப்பிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் அதில் இருக்கிறது. அதோடு, அவர் கேள்விப்பட்டது வதந்தியும் அல்ல. அறுபது ஆண்டுகள் அது உண்மையாகவே இருந்தது.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னால் சிறு வயதில் வரும் நீரிழிவுக்கு மருந்தே கிடையாது. பிள்ளையைப் பட்டினி போட்டு, நாள்களைக் கொஞ்சம் நீட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தச் சிறுவனுக்குப் போட்டது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு. பிறகு தேவை பெருகியபோது, இறைச்சிக்கூடங்களில் மலிந்து கிடந்த பன்றியின் கணையமும் சேர்ந்தது. 8 அவுன்ஸ் தூய இன்சுலின் எடுக்கச் சுமார் 2 டன் கணையம் வேண்டியிருந்தது என்பார்கள். பன்றியின் இன்சுலின் மனிதனுடையதற்கு மிக நெருக்கமானது. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஓர் இரட்டைச் சங்கிலி. பன்றியுடையதில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கும், மாட்டினுடையதில் மூன்று.

அந்த அறுபது ஆண்டுகளில் நம் முன்னோரில் எத்தனையோ பேர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஹராமில் வாழ்ந்தார்களா? இல்லை. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர், அதை விரும்பாமலும் வரம்பு மீறாமலும் இருந்தால் அவர் மீது குற்றமில்லை என்று அல்லாஹ்வே வழிவிட்டிருக்கிறான். சுத்தமான மாற்று மருந்து இல்லாதபோது, போதை தராத நஜிஸான பொருளைக் கொண்டு மருத்துவம் செய்யலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதினார்கள். பிற்கால ஹனஃபி அறிஞர்களும், நம்பகமான மருத்துவர் இதில்தான் குணம் என்று சொல்லி வேறு மருந்தும் இல்லையென்றால் கூடும் என்றார்கள். 1995-இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கும் பன்றி இன்சுலினை ளரூரத் என்ற அடிப்படையில் அனுமதித்தது.

மருந்துக் கடையில் இன்று ‘ஹியூமன் இன்சுலின்’ என்று வாங்குகிறோமே, அது எப்படி வந்தது?

நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் அல்லாஹ் ஓர் எழுத்துவரிசையை வைத்திருக்கிறான். அதில் ஒரு சிறு பகுதி இன்சுலினைச் செய்யும் குறிப்பு. அதை இன்சுலின் மரபணு என்கிறோம். ஃபிரெட்ரிக் சாங்கர் என்ற ஆங்கில விஞ்ஞானி இன்சுலின் சங்கிலியின் வரிசை முழுவதையும் 1950-களில் படித்து முடித்தார். 1958-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர் உயிரினத்தின் மரபணுத் துண்டை வெட்டி பாக்டீரியாவுக்குள் ஒட்டும் வழியை 1973-இல் கோஹனும் பாயரும் கண்டார்கள். 1978-இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் சேர்ந்து இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வுக்கூடத்தில் வேதிப்பொருள்களைக் கொண்டே கட்டினார்கள். அதை ஈ-கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நம் எல்லோர் குடலிலும் வாழ்கிற கிருமி வகைதான் அது. அந்த ஒரு செல் உயிர், தனக்குப் பயனில்லாத மனித இன்சுலினைச் செய்து கொடுத்தது. 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. ‘ஹியூமுலின்’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்து மனிதருக்கு விற்கப்பட்ட முதல் மருந்து அதுவே. இப்போது பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் பெரும் கொப்பரைகளில் வளர்க்கிறார்கள். நம் நாட்டிலேயே வோக்கார்ட், பயோகான் போன்ற நிறுவனங்கள் ஈஸ்ட் மூலம் செய்கின்றன.

‘மனித இன்சுலின்’ என்ற பெயரைப் பார்த்து, மனித உடலிலிருந்து எடுத்ததோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. சங்கிலியின் அமைப்புதான் மனிதனுடையது. எந்த மனிதரின் உறுப்பும் அந்தக் குப்பியில் கிடையாது.

ஃபிக்ஹ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதே 1982-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பன்றி இன்சுலினை எடுத்து, மாறியிருந்த அந்த ஒரே அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி மனித இன்சுலினாக்கி விற்றது. வேதியியல்படி இரண்டும் ஒன்று. மார்க்கப்படியும் ஒன்றா? கழுதை உப்பளத்தில் விழுந்து உப்பாகிவிட்டால் அது உப்புதான் என்று சொன்ன ஹனஃபி அறிஞர்கள் ஒருவகையாகவும், இஸ்திஹாலாவை மதுவானது தானாகக் காடியாவது போன்ற சில இடங்களோடு நிறுத்திய ஷாஃபிஈ அறிஞர்கள் இன்னொரு வகையாகவும் பதில் சொல்லியிருப்பார்கள். பின்னர் அந்த நிறுவனமே ஈஸ்ட் முறைக்கு மாறியது. அந்த விவாதத்துக்கு வேலை குறைந்தது.

இன்சுலின் மட்டுமல்ல. மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை 1980-களின் தொடக்கத்தில் நோய் தொற்றியவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்தார்கள். இரத்தமும் நமக்கு நஜிஸ்தான். 1986-இல் ஈஸ்ட்டில் செய்யும் தடுப்பூசி வந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்து இன்றும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே வருகிறது. டயாலிசிஸ் செய்பவர்களில் பலருக்கு அது வேண்டியிருக்கிறது. முழுக்க வேதிமுறையில் செய்யும் ஃபாண்டாபாரினக்ஸ் போன்ற மாற்று எல்லா இடத்திலும் பொருந்தாது. மருத்துவரிடம் கேளுங்கள், மாற்று இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் நிர்ப்பந்தத்தின் சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பாதி மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. 2018-இல் அங்குள்ள உலமா சபை, தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டிருக்கிறது, ஆனாலும் மாற்று இல்லாததால் போடலாம் என்று ஃபத்வா கொடுத்தது. மக்கள் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஆச்சே போன்ற பகுதிகளில் பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் நிறுத்தினார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை காது கேளாமலும் கண் தெரியாமலும் பிறக்கக்கூடும். ஃபத்வாவின் இரண்டாம் பாதி அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்லப்பட்டது.

சகோதரர்களே! குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் நம் கண்ணுக்கு நல்ல பழக்கம் உண்டு. அதே குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பற்றி ஹலால், ஹராம் என்ற சொற்களைக் கொண்டு நாம் பேசியிருக்கிறோமா?

இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். முஸ்லிம்கள் அல்லாத அந்த மூவரும், உயிர் காக்கும் பொருளைத் தனிச்சொத்தாக வைத்துக்கொள்வதில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருந்தார்கள். மரபணு முறை வந்து பன்றி போனது. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கைக்குள் போனது. அமெரிக்காவில் ‘ஹியூமலாக்’ என்ற இன்சுலின் குப்பியின் பட்டியல் விலை 1996-இல் 21 டாலர். 2019-இல் சுமார் 275 டாலர். காப்பீடு இல்லாத இளைஞர்கள் அளவைக் குறைத்துப் போட்டு, ஒரு வாரக் குப்பியை இரண்டு வாரத்துக்கு இழுத்து, அதிலேயே இறந்துபோனது உலகின் மிகப் பணக்கார நாட்டில் நடந்தது. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2023-இல் நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. குறைத்த பிறகும் அவை மூடிவிடவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

அந்த இளைஞர் கையில் இருந்த குப்பியில் பன்றி இல்லை. நம் வழக்கமான சோதனையில் அது முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மறுபக்கத்துக்கும் மார்க்கத்தில் ஆதாரம் இருக்கிறது. ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம். பத்தில் ஒன்பது வழியிலேயே தோற்கும். அந்தச் செலவை யாராவது சுமக்க வேண்டும். 1988-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண்டுபிடிப்பின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைதான், அதில் கைவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. இன்னும் மேலே போனால், மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயம் செய்யுங்கள் என்று தோழர்கள் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் அநீதி செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை.

அப்படியானால் விலையைப் பற்றிப் பேசவே கூடாதா? இப்னு தைமிய்யா, அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம் (ரஹ்) இருவரும் இந்த ஹதீஸைத்தான் எடுத்துப் பேசினார்கள். சரக்குக் குறைந்தோ, வாங்குவோர் பெருகியோ விலை தானாக ஏறினால் வியாபாரியை நெருக்குவது அநீதி. மக்களுக்கு அவசியமான ஒன்றைத் தாங்களே விற்போம், வேறு யாரும் விற்கக் கூடாது என்று சிலர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு விலை ஏற்றினால், அங்கே தலையிடாமல் இருப்பதுதான் அநீதி. இதுவே அவர்கள் பிரித்துக் காட்டிய கோடு. பதுக்குபவர் பாவி என்ற நபிமொழியும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. 21 டாலர் 275 ஆனது எந்த வகை என்று நீங்களே யோசியுங்கள். கிருமி பழைய கிருமிதான். கொப்பரையும் பெரிதாக மாறவில்லை.

எனக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிவது ரூமா கிணற்றின் செய்தி. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஏழைகளுக்கு நல்ல குடிநீர் இல்லை. இருந்த நல்ல கிணறு ஒருவருக்குச் சொந்தம். அவர் தண்ணீரை விற்றார். அதை விட்டுக்கொடுக்கக் கேட்டபோது, எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வேறு வருமானம் இல்லை என்று அவர் சொன்னதாக ஓர் அறிவிப்பு வருகிறது. பாருங்கள், மருந்து நிறுவனம் இன்று சொல்லும் அதே பதில். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தக் கிணற்றைப் பறிக்கவில்லை. உரிமை உரிமைதான். ஆனால் தாகத்தோடு இருப்பவர்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. இந்தக் கிணற்றை வாங்கி மக்களுக்குக் கொடுப்பவர் யார் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் விலை கொடுத்து வாங்கி வக்ஃப் செய்தார்கள். விற்றவருக்கு நஷ்டமில்லை; குடிப்பவருக்குக் கட்டணமில்லை; நடுவில் இருந்த பாரத்தைச் செல்வந்தர் ஒருவர் சுமந்தார்.

அதே வழியில்தான் 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் மருத்துவமனை கட்டினார். அதற்கென்று எழுதிவைத்த சொத்துகளின் வருமானத்தில் ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் இலவசம்.

பழைய காலத்துப் பெருமை என்று நினைக்காதீர்கள். ஹைதராபாதில் வரபிரசாத் ரெட்டி என்ற பொறியாளர் 1993-இல் தன் தாயாரின் பெயரில் ‘சாந்தா பயோடெக்னிக்ஸ்’ என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும்; சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. மேல்நாட்டு நிறுவனம் ஒன்று தொழில்நுட்பம் தர மறுத்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்திலும் இடம் வாங்கி, நம் நாட்டு விஞ்ஞானிகளைக் கொண்டே செய்யத் தொடங்கினார். வங்கிகள் நம்பாத அந்தத் தொழிலில் பணம் போட்டவர் யார் தெரியுமா? ஓமன் நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்த யூசுஃப் பின் அலவி. 1997-இல் ‘ஷான்வாக்-பி’ வெளிவந்தது. மரபணு முறையில் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் தடுப்பூசி. இறக்குமதிச் சரக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. ஒரு தெலுங்குக்காரரின் பிடிவாதமும் ஓர் அரபியின் பணமும் சேர்ந்த கிணறு அது. அவர்கள் அதை வக்ஃப் செய்யவில்லை, லாபமும் பார்த்தார்கள். அதில் தவறில்லை.

இதை ஏன் இன்று பேச வேண்டும்? அடுத்த மருந்துகள் வந்துவிட்டன. 2023 டிசம்பரில் அமெரிக்கா ‘காஸ்ஜெவி’ என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அரிவாள் செல் நோய் உள்ளவரின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களை எடுத்து, மரபணுவில் ஓர் இடத்தில் வெட்டி, கருவில் இருந்தபோது ஓடிய வகை இரத்தச் சிவப்புப் பொருளை மறுபடி சுரக்கச் செய்து அவருக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நோயை நீக்கப் பழுதைச் சரிசெய்வது வேறு, ஆசைக்காக வடிவத்தை மாற்றுவது வேறு என்று அறிஞர்கள் பிரித்திருக்கிறார்கள். இந்த மாற்றம் அந்த நோயாளியோடு நின்றுவிடும். அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. பன்றி இல்லை, பிறர் உறுப்பு இல்லை. விலை 22 லட்சம் டாலர்; நம் பணத்தில் 18 கோடிக்கும் மேல்.

அந்த நோய் யாருக்கு வருகிறது? ஆப்பிரிக்காவில், சவூதியின் கிழக்குப் பகுதியில், இந்தியப் பழங்குடியினரிடம். நம் நாட்டில் அது முதலில் அடையாளம் காணப்பட்டதே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மருந்து எங்கே இருக்கிறது, நோய் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

18 கோடியை நம் மஹல்லா திரட்ட முடியாது. செல்வம் படைத்த முஸ்லிம் நாடுகள் இந்த ஆய்வுகளில் பங்காளிகளாகப் பணம் போட முடியும். பங்கு போடும்போதே ஏழை நாடுகளுக்கான விலையையும் பேசி எழுத முடியும். ஒருவர் ஹைதராபாதில் செய்தது அரசுகளால் முடியாததா?

நம்மால் முடிவது நம் தெருவிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. மனித இன்சுலின் நம் நாட்டில் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஏழை நோயாளிக்கு இல்லாமல் போவது வேறு பொருள்கள். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்கள் இன்றும் ஈரமான மண்பானைக்குள் வைக்கிறார்கள். சர்க்கரை பார்க்கும் பட்டை ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால் பார்ப்பதில்லை, அளவு தெரியாமல் ஊசி போடுகிறார்கள். நோன்பு நாளில் அது உயிருக்கே ஆபத்து.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பட்டையும் கருவியும் ஸகாத் பணத்தில் வாங்கி, ஸகாத் பெறத் தகுதியுள்ள நோயாளியின் கையில் உடைமையாகவே ஒப்படைத்துவிடுங்கள். குளிர்பெட்டி வாங்கிப் பள்ளிவாசல் அறையில் பொதுவாக வைப்பதானால் அதை ஸகாத்தில் செய்யாதீர்கள். அங்கே யாருக்கும் உடைமை மாறவில்லை. அது சதகாவில், அல்லது உங்களில் வசதியுள்ள ஒருவரின் வக்ஃபாக வர வேண்டும். இந்த வாரம் தொழுகை முடிந்ததும் மஹல்லாவில் இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் குளிர்பெட்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று பெயர் எழுதத் தொடங்குங்கள். நம் சகோதரிகளிடமும் கேட்டு எழுதுங்கள். ஆண்களின் வரிசையில் அவர்கள் பெயர் விட்டுப்போகும்.